பனியன் கம்பெனி அனுபவம் இருக்கு, எதைப் பத்தி வலைப்பதிவு எழுதினா காசு வரும்?

காதர்பேட்டைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க வந்து படிச்சுட்டுப் போறதோட சரி, எழுதறது இப்பத்தான்.

திருப்பூர்ல மெர்ச்சண்டைசரா இருக்கேன். பையர் மெயிலுக்குப் பதில் போடறது, சேம்பிள் அனுப்பறது, நூல்ல ஆரம்பிச்சு பேக்கிங் வரைக்கும் ஒவ்வொரு ஆர்டரையும் துரத்திக்கிட்டு ஓடறது. இதுலயே இருபது வருசம் பக்கமா போயிடுச்சு. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்ப எங்க கம்பெனியில பாதி லைன் நின்னுச்சு. வேலை போகலை, ஆனா இன்னொரு வருமானம் இருந்தே ஆகணும்னு அன்னைக்கு உறைச்சுது.

எழுத ஓரளவு வரும். வேர்ட்பிரஸ் அமைக்கிறது, டொமைன் வாங்கறதெல்லாம் பிரச்சனை இல்லைங்க. எதைப் பத்தி எழுதறதுங்கறதுலதான் முட்டிக்கிட்டு நிக்கிறேன். மனசுல நாலு இருக்கு. பங்குச்சந்தை, மியூச்சுவல் ஃபண்ட் (விளம்பர ரேட் ஜாஸ்தின்னு சொல்றாங்க). நாட்டு வைத்தியம் (அம்மாயிகிட்ட கேட்டது நிறைய இருக்கு). டிஎன்பிஎஸ்சி (பொண்ணு படிக்கிறா, நோட்ஸ் குவிஞ்சு கிடக்கு). சமையல் (இது வீட்டுல சொன்னது). எது லாபம்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பனியனைப் பத்தி எழுதலாமான்னும் யோசிச்சேன். ஆனா அதை யாருங்க படிப்பாங்க, ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.

---

ஆர்வக்கோளாறு எழுதியது:

ஃபைனான்ஸ் ப்ரோ. கண்ணை மூடிட்டு ஃபைனான்ஸ். டீமேட், கிரெடிட் கார்டு, லோன், இன்சூரன்ஸ். ஒரு கிளிக்குக்கு வர்றது சமையல் பதிவுல பத்து கிளிக்குக்கு வராது. நானும் அதான் ஆரம்பிக்கப் போறேன்.

---

பழைய பதிவர் எழுதியது:

ஆர்வக்கோளாறு தம்பி, நீங்கள் ஆரம்பிக்கப் போகிறீர்கள். நான் ஆரம்பித்து, ஓடி, மூச்சு வாங்கி உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்மணம் திரட்டியில் இணைத்துவிட்டு யார் பின்னூட்டம் போட்டார்கள் என்று நொடிக்கொரு தடவை பார்த்துக்கொண்டிருந்த காலத்திலிருந்து எழுதுகிறேன். அப்போது பணம் என்ற பேச்சே கிடையாது. கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸ் 2003-லேயே வந்துவிட்டது, ஆனால் தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். இந்திக்கு 2014 டிசம்பரிலேயே கொடுத்துவிட்டார்கள். நடுவில் இருந்த வருடங்களில் தமிழில் நன்றாக எழுதிக்கொண்டிருந்த பலர் முகநூலுக்கோ யூடியூபுக்கோ போய்விட்டார்கள்.

2018-க்குப் பிறகு நானும் விளம்பரம் போட்டேன். பத்து டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரிக்குத் தபாலில் பின் எண் வரும், அதைப் பதிந்தால்தான் மேற்கொண்டு நகரும். நூறு டாலர் சேராமல் ஒரு பைசா கைக்கு வராது. சேர்ந்தால் அடுத்த மாதம் 21-ம் தேதிக்கு மேல் அனுப்புவார்கள். இதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். தமிழ்ப் பக்கத்துக்கு ஆயிரம் பார்வைக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. என் பதிவில் ஒரு டாலரைத் தொடாத மாதங்களே அதிகம். சிங்கப்பூர், கனடா, லண்டன் வாசகர்கள் வந்த மாதங்களில் கொஞ்சம் ஏறும். விளம்பரம் கொடுப்பவன் எந்த நாட்டு வாசகனுக்கு எவ்வளவு கட்டுகிறான் என்பதைப் பொறுத்தது அது, நம் எழுத்தின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"ஃபைனான்ஸுக்கு ரேட் ஜாஸ்தி" என்பது உண்மைதான். ஆனால் அது அமெரிக்க ஆங்கிலப் பதிவர்கள் போட்ட கணக்கு. கடன், காப்பீடு விற்கிறவர்களின் விளம்பரப் பணம் பெரும்பாலும் ஆங்கிலத் தேடலுக்குத்தான் போகிறது. தமிழில் எழுதிவிட்டு அந்த ரேட்டை எதிர்பார்ப்பது வீண்.

காதர்பேட்டைக்காரருக்கு ஒரே கேள்வி. உங்கள் பட்டியலில் உள்ள நான்கில், யாராவது உங்களைத் தேடி வந்து கேட்கும் விஷயம் எது?

---

தேர்வுக்களம் எழுதியது:

டிஎன்பிஎஸ்சி பத்தி நான் சொல்லலாம், அதைத்தான் நடத்திட்டு இருக்கேன்.

கூட்டம் வரும், அதுல சந்தேகமே வேண்டாம். குரூப் 4 அறிவிப்பு வந்த வாரம் சர்வரே திணறும். விடைக்குறிப்பு வர்ற அன்னைக்கு இன்னும் மோசம். தேர்வு முடிஞ்ச மறுவாரம் பார்த்தீங்கன்னா ஈ ஓட்டணும்.

வர்றவங்க யாருன்னும் யோசிக்கணும். வேலை தேடுற பசங்க. கையில காசு இல்லை, இருந்தாலும் கோச்சிங்குக்கு ஏற்கனவே கட்டியிருப்பாங்க. நம்மகிட்ட பிடிஎஃப் கேப்பாங்க. நாம ராத்திரி உட்கார்ந்து தட்டச்சு பண்ணின நோட்ஸ் காலையில நாலு டெலிகிராம் குழுவுல நம்ம பேரை வெட்டிட்டு ஓடிட்டிருக்கும். சமச்சீர் புத்தகத்துல இருக்கறதைத்தான் நாம எல்லாரும் சுருக்கி எழுதறோம், அதனால யாரைப் போய் திருடன்னு சொல்றது?

எனக்கு இப்ப வருமானம் வர்றது மாதிரித் தேர்வுத் தொகுப்புல. ஒரு வாத்தியார் நண்பர் கேள்வி தயார் பண்றார், நான் தளத்தைப் பார்த்துக்கறேன். அவர் வகுப்புல வருசக்கணக்கா நின்னவர், பசங்க எந்த இடத்துல சறுக்குவாங்கன்னு தெரியும். ஜனங்க காசு கொடுக்கறது அதுக்குத்தான். பொண்ணோட நோட்ஸை வெச்சு நீங்க இதுக்குள்ள வந்தா ரொம்பக் கஷ்டப்படுவீங்க சார்.

---

மூலிகைத்தோட்டம் எழுதியது:

நான் முறையாக பி.எஸ்.எம்.எஸ். படித்த சித்த மருத்துவர். நாட்டு வைத்தியம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அம்மாயி சொன்ன சுக்குக் கஷாயத்தை எழுதுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் வருமானம் என்று வந்துவிட்டால் பதிவு எங்கே இழுத்துக்கொண்டு போகும் என்று எனக்குத் தெரியும். "சர்க்கரை நோய் அடியோடு குணமாக", "மூலம் ஒரே வாரத்தில் மறைய". இப்படித் தலைப்பு வைத்தால்தான் ஆட்கள் வருவார்கள். பிறகு ஒருவர் லேகியம் அனுப்பி "இதையும் சேர்த்து எழுதுங்க" என்பார். 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரத் தடைச் சட்டம். சர்க்கரை நோய் உட்பட ஒரு பட்டியலே அதில் உண்டு. அவற்றைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வது குற்றம். நான் படித்தவள், எனக்கே அந்தப் பயம் உண்டு.

சட்டத்தை விடுங்கள். உங்கள் பதிவைப் படித்துவிட்டு ஒருவர் இன்சுலினை நிறுத்தினால்?

---

ஆர்வக்கோளாறு எழுதியது:

அப்ப ஃபைனான்ஸுக்கும் இதே மாதிரி ஏதாவது சட்டம் இருக்குன்னு சொல்லப் போறீங்களா 😅

---

பழைய பதிவர் எழுதியது:

இருக்கிறது. எந்தப் பங்கை வாங்கலாம் என்று காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல, பங்குச்சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபியில் பதிவு வேண்டும். சேமிப்பு, பட்ஜெட் என்று பொதுவாக எழுதலாம், தவறில்லை. விளம்பரத் தர கவுன்சிலும் 2023 ஆகஸ்டில் நிதி, உடல்நலம் இரண்டுக்கும் விதியை இறுக்கியது. காசு வாங்கிப் பரிந்துரைக்கிறவர் தன் தகுதியைச் சொல்ல வேண்டும். கூகுளும் உடல், பணம் இரண்டைப் பற்றிய பக்கங்களில் எழுதியவர் யார் என்று கூடுதலாகப் பார்க்கிறது. 2022 டிசம்பரில் தன் மதிப்பீட்டு வழிகாட்டியில் 'அனுபவம்' என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது.

---

ஒயர்மேன் கரூர் எழுதியது:

பழைய பதிவர் ஐயா கேட்ட கேள்விதான் அண்ணே சரியான கேள்வி. என் கதையைச் சொல்றேன்.

நான் எலக்ட்ரீசியன். இன்வெர்ட்டர், பேட்டரி, இப்ப கூரை சோலார். தினமும் போன்ல, வாட்ஸப்புல கேள்வி வரும். "150 ஏஎச் பேட்டரி ரெண்டு கம்பெனிது இருக்கு, ஒண்ணு சி10, ஒண்ணு சி20ன்னு போட்டிருக்கு, ரேட்ல இவ்வளவு வித்தியாசம், எதை வாங்க?" "சோலார் போட்டா ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வர்ற பில்லு எவ்வளவு குறையும், 100 யூனிட் இலவசம் போயிடுமா?" "மானியம் 78,000ங்கறாங்களே, நிஜமா?" ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப டைப் பண்ணி வெறுத்துப்போய் ஒரு பக்கத்துல எழுதி லிங்க்கை அனுப்ப ஆரம்பிச்சேன். என் பதிவு பிறந்த கதை அவ்வளவுதான். தலைப்பு தேர்ந்தெடுக்கல அண்ணே, தொல்லை தாங்காம எழுதினது.

கேக்கறவன் யாருன்னு பாருங்க. கையில காசை வெச்சுக்கிட்டு, கடைக்குப் போக ரெடியா நிக்கிறான். ஏமாந்துடுவோமோன்னு பயம் வந்துடுச்சு. அந்த நேரத்துல நம்ம பக்கம் கண்ணுல பட்டா முழுசாப் படிப்பான். "மின்சாரம் என்றால் என்ன"ன்னு எழுதினா பள்ளிக்கூடப் பையன் வருவான், பார்த்துட்டுப் போயிடுவான்.

விளம்பரக் காசு எனக்கு டீ செலவுக்கு ஆகும். பேட்டரியை நம்ம ஊர்ல யாரும் ஆன்லைன்ல வாங்கறதும் இல்லை, அதனால அமேசான் லிங்க் போட்டும் பிரயோஜனமில்லை. லிங்க்கை அமுக்கி 24 மணி நேரத்துக்குள்ள கார்ட்லயாவது போட்டு வாங்கினாத்தான் கமிஷனே. எனக்கு வர்றது வேலை. கரூர், நாமக்கல், திருச்சி பக்கமிருந்து "உங்க பக்கத்துல படிச்சேன், வந்து பார்த்துட்டுப் போங்க"ன்னு கூப்பிடுறாங்க. பேரம் பேசறது பாதியா குறைஞ்சுபோச்சு. 3 கிலோவாட்டுக்குக் கீழ போட்டா மானியம் 78,000 வராது, கிலோவாட்டுக்கு 30,000 கணக்குல 2 கிலோவாட்டுக்கு 60,000தான்னு நானே முன்னாடி எழுதி வெச்சுட்டேன். உண்மையைச் சொல்ற ஆளுன்னு நினைச்சுத்தான் கூப்பிடுறாங்க.

அண்ணே, உங்க வாட்ஸப்பைத் திறந்து பாருங்க. சொந்தக்காரங்க, பிரெண்ட்ஸ் எல்லாம் உங்ககிட்ட என்ன கேக்கறாங்க?

---

காதர்பேட்டைக்காரன் எழுதியது:

ஏனுங்க ஒயர்மேன், நீங்க சொன்னதும் போனை எடுத்துப் பார்த்தேன். ஒருத்தர்கூட மியூச்சுவல் ஃபண்ட் பத்திக் கேக்கலை.

மச்சான் ஒருத்தர் சேலத்துல துணிக்கடை. "180 ஜிஎஸ்எம்னு சொல்லிக் குடுத்தான், தொட்டுப்பார்த்தா மெல்லிசா இருக்கு, எப்படி கண்டுபிடிக்கிறது?" கூடப் படிச்சவன் பையன், "காலேஜ் சிம்போசியத்துக்கு 150 டிசர்ட் வேணும், அவ்வளவு கம்மியா யாராவது பண்ணித்தருவாங்களா?" எங்க ஊர் இளைஞர் மன்றம், மாட்டுப்பொங்கலுக்கு 60 டிசர்ட், பிரிண்டிங் துவைச்சா உரியாம இருக்கணும். ஆன்லைன்ல விக்கற ஒரு பொண்ணு, "சர்ப்ளஸ்னு (ஏற்றுமதியில மிஞ்சினது) வாங்கினேன், பாதி செகண்ட்ஸ் (பழுதான பீஸ்), அளவு ஒண்ணுக்கொண்ணு சேரலை." இன்னொருத்தர், "பயோ வாஷ் (நொதி போட்டுத் துணி மேல இருக்கற பஞ்சை எடுக்கறது) பண்ணினதுன்னு சொல்றாங்க, எப்படி நம்பறது?" இதே மாதிரி வருசக்கணக்கா இருக்குதுங்க. பதில் சொல்லிட்டு மறந்துடறது.

இதெல்லாம் எங்களுக்கு மூச்சு விடற மாதிரி. பவர் டேபிள்ல கைமடி வேலை பார்க்கற பையன்கூட துணியைத் தொட்டே சொல்லிடுவான். இதுக்குன்னு ஒரு பதிவாங்க?

---

மதுரை பொட்டிக் எழுதியது:

அண்ணே, உங்களுக்கு மூச்சு விடற மாதிரி இருக்கலாம். எனக்கு அந்த மூச்சு வாங்கறதுக்குள்ள நகை அடகுக்குப் போச்சு.

வீட்டுல இருந்தே குழந்தைங்க டிரெஸ், பெண்கள் டிசர்ட் விக்கிறேன். முதல் சரக்கு எடுக்க திருப்பூர் வந்தேன். காதர்பேட்டையில காலையில இறங்கி எந்தக் கடைக்குள்ள நுழையறதுன்னே தெரியலை. எல்லாரும் "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்"ங்கறாங்க. ஒரு இடத்துல எடுத்தேன் (பேர் வேண்டாம்). கிலோ கணக்குல போட்டுக் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து பிரிச்சா எல்னு லேபிள் இருக்கறது எம் அளவு, சிலது தோள்கிட்ட தையல் விட்டிருக்கு. வாங்கினவங்க ஒரு தண்ணிக்குச் சுருங்கிடுச்சுன்னு திருப்பிக் குடுத்தாங்க. பணத்தைத் திருப்பிக் குடுத்தேன், வேற வழி?

அன்னைக்குத் தேடினேன் அண்ணே, தமிழ்ல. வீடியோ வீடியோவா வருது. எல்லாத்துலயும் கடைக்காரரே நின்னு "நம்மகிட்ட 70 ரூபாய்ல இருந்து ஆரம்பம்"ங்கறார். வாங்கறவ பக்கம் நின்னு ஒருத்தர்கூடப் பேசலை. நீங்க எழுதியிருந்தா நான் காசு கொடுத்தே படிச்சிருப்பேன், பொய் சொல்லலை.

ஜிஎஸ்எம் எப்படிப் பார்க்கறதுன்னு இங்கேயே சொல்லுங்களேன்.

---

காதர்பேட்டைக்காரன் எழுதியது:

அக்கா, கேட்கவே சங்கடமா இருக்குதுங்க. சொல்றேன்.

ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கறது. கம்பெனியில இதுக்குன்னு வட்டமா வெட்டற கட்டர் இருக்கு, அது வெட்டற துண்டு 100 சதுர சென்டிமீட்டர். அந்தத் துண்டு எடையை நூறால பெருக்கினா ஜிஎஸ்எம். உங்களுக்குக் கட்டர் வேண்டாம். கெட்டுப்போன ஒரு பீஸை எடுத்து, சுருக்கமில்லாம தரையில விரிச்சு, இழுக்காம, ஸ்கேல் வெச்சு 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரமா வெட்டுங்க. அதுவும் அதே 100 சதுர சென்டிமீட்டர்தான். நகைக்கடையில வெச்சிருக்கற மாதிரி சின்னத் தராசுல வைங்க. 1.8 கிராம் காட்டினா 180. 1.5 காட்டினா 150ஐ 180னு சொல்லி வித்திருக்காங்க. ஒரே இடத்துல வெட்டாதீங்க, மூணு நாலு இடத்துல வெட்டி சராசரி பாருங்க. நெஞ்சுல பிரிண்ட் இருந்தா அந்த இடம் வேண்டாம், மை எடையும் சேர்ந்துடும்.

சுருக்கத்துக்கு: பெரிய பீஸ் ஒண்ணுல, துவைச்சாலும் போகாத பேனாவால 25க்கு 25 சென்டிமீட்டர் கட்டம் போடுங்க. வீட்டுல எப்பவும் துவைக்கிற மாதிரியே துவைச்சு, நிழல்ல காயப்போட்டு, மறுபடி அளங்க. 25 இருந்தது 23.75 ஆனா 5 சதவீதம், அது வரைக்கும் பொறுத்துக்கலாம். 22க்கு வந்தா அந்தத் துணிக்கு காம்பாக்டிங் (முன்கூட்டியே சுருங்க வைக்கிற வேலை) சரியா பண்ணலை. நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியா பாருங்க, நிட்டிங் துணி நீளத்துல ஒரு மாதிரி, அகலத்துல ஒரு மாதிரி சுருங்கும்.

சாயத்துக்கு வெள்ளைத் துணியை ஈரம் பண்ணி அழுத்தித் தேயுங்க. கறுப்பு, சிவப்பு, நேவி மூணையும் கட்டாயம் பாருங்க. எந்தக் கடைக்காரரும் கண்ணு முன்னாடி தேய்ச்சா வேண்டாம்னு சொல்ல முடியாது. சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

---

தேர்வுக்களம் எழுதியது:

சார், நீங்க இப்ப எழுதினதுதான் உங்க முதல் பதிவு. காப்பி பண்ணி அங்க போடுங்க.

---

கூகுள்கடை எழுதியது:

எல்லாரும் உணர்ச்சிவசப்பட்டுட்டீங்க. நான் எஸ்இஓ (கூகுள் தேடல்ல பக்கத்தை மேல கொண்டு வர்றது) வேலை பார்க்கறவன், கொஞ்சம் தண்ணி தெளிக்கிறேன்.

எதை எத்தனை பேர் தேடறாங்கன்னு காட்டற கூகுளோட கீவேர்டு பிளானர்ல "டிசர்ட் ஜிஎஸ்எம் கண்டுபிடிப்பது எப்படி"ன்னு தமிழ்ல போட்டுப் பாருங்க, ஒண்ணுமே காட்டாது. சந்தை ரொம்பச் சின்னது. முப்பது பதிவு எழுதினா விஷயம் தீர்ந்துடும். ரெண்டாவது, இப்ப கூகுள் மேலயே ஏஐ பதில் கொடுத்துடுது. 2024 ஆகஸ்ட்ல அது இந்தியாவுக்கு வந்த பிறகு "என்றால் என்ன" வகைப் பக்கங்களுக்கு வர்ற கூட்டம் என் கிளையன்ட் பல பேருக்கு விழுந்துடுச்சு. மூணாவது, சின்ன வட்டத்துல இருந்துட்டு ஆட்சென்ஸை நம்ப முடியாது.

---

ஒயர்மேன் கரூர் எழுதியது:

பிளானர்ல காட்டலைன்னா தேடலைன்னு அர்த்தம் இல்லைங்க. நம்மாளு தமிழை ஆங்கில எழுத்துல தட்டறான், இல்லைன்னா மைக்கை அமுக்கிப் பேசறான். என் பக்கம் ஆரம்பிச்சப்பவும் அந்தக் கருவி பூஜ்யம்தான் காட்டுச்சு. எழுதிப் போட்டு சில மாசம் கழிச்சு, என்ன தேடி நம்ம பக்கத்துக்கு வந்தாங்கன்னு காட்டற சர்ச் கன்சோலைத் திறந்தா, நான் கனவுலயும் யோசிக்காத வாக்கியமா வந்து நிக்குது. "பேட்டரி தண்ணி எத்தனை மாசத்துக்கு ஒருமுறை ஊத்தணும் கேன் தண்ணி ஊத்தலாமா". இதை எந்தக் கருவி சொல்லும்? (கேன் தண்ணி ஊத்தக்கூடாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்.)

---

பழைய பதிவர் எழுதியது:

கூகுள்கடை சொன்னதில் மூன்றாவது சரி. முதல் இரண்டில் எனக்கு உடன்பாடில்லை.

ஜிஎஸ்எம் என்றால் என்ன என்பதை ஏஐ சொல்லிவிடும், நகைத் தராசு யோசனையைக்கூட எங்கிருந்தாவது எடுத்துச் சொல்லிவிடலாம். ஆனால் 60 டிசர்ட்டுக்கு எந்தத் தெருவில் யாரைப் போய்ப் பார்ப்பது, பங்குனி, சித்திரைத் திருவிழா நேரத்தில் பிரிண்டிங்காரர் எத்தனை நாள் இழுப்பார், அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தால் போதும், இதெல்லாம் எங்கும் எழுதப்படவே இல்லை. எழுதப்படாததை இயந்திரம் எங்கே போய்ப் படிக்கும்? என்னைப் போல நாட்டு நடப்பை எழுதுகிறவர்களுக்குத்தான் ஏஐ வந்ததும் வயிறு கலங்கியது.

விஷயம் தீர்ந்துவிடும் என்பதும் இல்லை. பருத்தி விலை, கூலி, வரி எல்லாம் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் ஆடைக்கு ஜிஎஸ்டி மாறியது. முன்பு ஒரு பீஸ் 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. இப்போது 2,500 வரை 5, அதற்கு மேல் 18. சிறு வியாபாரி பில் போடும்போது இதில் என்ன குழப்பம் வரும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

---

காதர்பேட்டைக்காரன் எழுதியது:

சரிங்க, மனசு பனியன் பக்கம் சாஞ்சிடுச்சு. இப்ப வருமானம் எப்படின்னு சொல்லுங்க. எனக்குத் தோணறது, தெரிஞ்ச நாலஞ்சு யூனிட் இருக்கு. சின்ன ஆர்டர் எடுப்பாங்க. பதிவைப் படிச்சுட்டு வர்றவங்களை அங்க அனுப்பி வெச்சா பீஸுக்கு ரெண்டு ரூபா, மூணு ரூபா கமிஷன் தருவாங்க. 500 பீஸ் ஆர்டர் மாசத்துக்கு நாலு வந்தாலே போதுங்களே.

---

மதுரை பொட்டிக் எழுதியது:

அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க கமிஷன் வாங்கறது எனக்குத் தெரிஞ்ச அன்னைக்கு உங்க பதிவை மூடிடுவேன். அந்த வீடியோக்காரங்களுக்கும் உங்களுக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்? நாளைக்கு உங்க ஆளு யூனிட்ல சரக்கு மோசமா வந்தா நீங்க யார் பக்கம் பேசுவீங்க?

அதுக்குப் பதிலா என்கிட்ட காசு வாங்குங்க. நான் எடுக்கப் போற சரக்கோட சேம்பிளை உங்களுக்கு அனுப்பறேன். ஜிஎஸ்எம், சுருக்கம், சாயம், தையல், அளவு பார்த்து "எடுக்கலாம், எடுக்காதீங்க"ன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. அதுக்கு என்ன ஃபீஸோ தர்றேன்.

---

கூகுள்கடை எழுதியது:

கமிஷன் வாங்கறதுல தப்பே இல்லை. உலகம் முழுக்க அப்படித்தான் நடக்குது, வெளிப்படையா சொல்லிட்டா போச்சு. "இந்த யூனிட் எனக்குக் கமிஷன் தருது"ன்னு கீழ ஒரு வரி. சேம்பிள் பார்த்துக் குடுக்கறதுன்னா அவர் நேரத்தை வித்துச் சம்பாதிக்கறது, அது பதிவு வருமானமே இல்லை. இவர் ஏற்கனவே முழுநேர வேலையில இருக்கார்.

---

ஒயர்மேன் கரூர் எழுதியது:

ரெண்டும் நான் பண்ணிப் பார்த்தவன். ஆரம்பத்துல ஒரு பேட்டரி டீலர் கமிஷன் தர்றேன்னார். வாங்கினேன், வெளிப்படையா போட்டும் வெச்சேன். ஆனா அந்தக் கம்பெனி பேட்டரியைப் பத்திக் குறை எழுத வேண்டி வந்தப்ப கை தயங்குச்சு. யாரும் தடுக்கலை, நானாத்தான் தயங்கினேன். அதோட விட்டுட்டேன். அக்கா சொல்றதுதான் எனக்குச் சரியாப் படுது. கூகுள்கடை சொல்ற நேரப் பிரச்சனையும் நிஜம், அதனால ஃபீஸைக் கம்மியா வைக்காதீங்க அண்ணே.

---

பழைய பதிவர் எழுதியது:

இன்னொன்று. காதர்பேட்டைக்காரர் இன்னும் சம்பளத்தில் இருக்கிறார். இருபது வருட அனுபவம் உங்களுடையது. பையரின் டெக் பேக் (ஆடையின் அளவு, வடிவ விவரங்கள்), காஸ்டிங் தாள், எந்த பிராண்டுக்கு எந்த விலையில் போகிறது என்ற விவரம், இதெல்லாம் கம்பெனியுடையது. "இந்த வெளிநாட்டு பிராண்ட் டிசர்ட்டின் அடக்கம் இவ்வளவுதான்" என்று எழுதினால் கூட்டம் அள்ளும், வேலையும் அன்றே போகும். வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளை ஒரு முறை எடுத்துப் படியுங்கள். சேம்பிள் பார்க்க கம்பெனித் தராசையும் தொடாதீர்கள்.

---

காதர்பேட்டைக்காரன் எழுதியது:

ஐயா சொன்னது நல்ல நேரத்துல சொன்னீங்க. தாளை எடுத்துப் பார்த்தேன். பையர் விவரம் எதையும் வெளியே விடக்கூடாதுன்னு இருக்கு, அதே தொழில்ல போட்டியா கம்பெனி நடத்தக்கூடாதுன்னும் இருக்கு. உள்நாட்டுச் சின்ன வியாபாரிக்கு ஆலோசனை சொல்றது இதுல வருமான்னு எங்க ஜிஎம்கிட்டயே கேட்டுட்டேன். "ஞாயித்துக்கிழமை என்ன வேணா பண்ணு, நம்ம பையர் பேரு எங்கயும் வரக்கூடாது"ன்னாரு. எழுத்துல ஒரு மெயிலும் வாங்கிட்டேன்.

இப்போதைக்கு முடிவு இப்படி. வாங்கறவங்க பக்கம் நின்னு மட்டும் எழுதறது. யூனிட்கிட்ட கமிஷன் இல்லை. முதல்ல ஜிஎஸ்எம், ரெண்டாவது காதர்பேட்டைக்கு முதல் தடவை வர்றவங்க என்ன பண்ணணும்ங்கறது, மூணாவது 100 பீஸுக்குக் கீழ வேணும்னா ஏன் பெரிய யூனிட் எடுக்க மாட்டாங்கங்கறது. டையிங்ல ஒரு கலருக்குக் குறைஞ்சது இத்தனை கிலோன்னு இருக்கும். ஒரு கிலோ துணிக்கு நாலஞ்சு டிசர்ட் வரும். 60 பீஸுக்கு 15 கிலோ போதும், அதுக்காக எவன் தனியா சாயம் போடுவான்? அதனால ஏற்கனவே சாயம் போட்டு ரெடியா இருக்கற துணியில கலரைத் தேர்ந்தெடுக்கணும். இது தெரியாமத்தான் "நாங்க கேட்ட மஞ்சள் இது இல்லை"ன்னு சண்டை வருது.

விளம்பரம் பின்னாடி பார்த்துக்கலாம். சேம்பிள் பார்த்துக் குடுக்க 500 ரூபாய்னு வெச்சிருக்கேன். சரியா அக்கா?

---

மதுரை பொட்டிக் எழுதியது:

500 ரொம்பக் கம்மி. நான் ஒரு தடவைக்கு எடுக்கறதே 40,000, 50,000க்கு. 1,500 போடுங்க. மூணு பீஸ் அனுப்பறேன், ரெண்டை வெட்டிக்கோங்க, ஒண்ணைத் துவைச்சுப் பாருங்க. கொரியர் செலவு என்னோடது.

---

ஆர்வக்கோளாறு எழுதியது:

எல்லாருக்கும் ஏதோ ஒரு தொழில் இருக்கு. எனக்கு 23 வயசு, பி.காம். முடிச்சுட்டு ஒரு வருசமா டெலிவரி ஓட்டறேன். நான் என்னத்தை எழுதறது?

---

ஒயர்மேன் கரூர் எழுதியது:

தம்பி, எந்த வண்டி ஓட்டறீங்க, பெட்ரோலா எலக்ட்ரிக்கா? மழைக்காலத்துல ஒரு நாளைக்கு எவ்வளவு கையில நிக்குது, பேட்டரி எத்தனை கிலோமீட்டருக்கு வருது, சர்வீஸ்ல எதுக்கெல்லாம் காசு புடுங்கறாங்கன்னு தெரியும்ல? எலக்ட்ரிக் வண்டி வாங்கலாமான்னு யோசிச்சுட்டு நிக்கிற ஆளு நம்ம ஊர்ல ஆயிரம் பேர். கம்பெனிக்காரன் சொல்ற ரேஞ்சை அவங்க நம்பறதில்லை. தனி இழை போடுங்க, நானும் வர்றேன், சார்ஜிங் ஒயரிங் பத்தி எனக்கும் கேள்வி இருக்கு.

---

காதர்பேட்டைக்காரன் எழுதியது:

அக்கா, 1,200ல நிறுத்திக்குவோம். முதல் ஆள் நீங்க. முகவரியைத் தனிமடல்ல அனுப்பியிருக்கேன். பீஸ்ல ஒட்டியிருக்கற லேபிளை மட்டும் வெட்டிடாதீங்க, அளவு சரிபார்க்க அது வேணும். எந்தக் கடையில எடுத்ததுன்னு சொல்ல வேண்டாம், தெரியாம பார்க்கறதுதான் சரி.